தராசில் நிற்காத சிட்டிகை

எந்தத் தாயும் பெற்ற பிள்ளைக்குத் தராசு என்று பெயர் வைக்கமாட்டாள். அது அண்ணன் வைத்த பெயர். எட்டு வயதில், வீட்டில் செய்த பால்வில்லையைத் துண்டு போடும் வேலை இவளிடம் வந்தது. ஒரு துண்டு இன்னொன்றைவிட ஒரு நூல் பெரிசாகிவிடக் கூடாதென்று பள்ளிக்கூடப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்துவந்து தட்டின்மேல் வைத்துக் கோடு போட்டாள். "இது பொண்ணு இல்லம்மா, தராசு" என்றார் அண்ணன். அவருக்கு அப்போது பதினொரு வயது. பெயர் ஒட்டிக்கொண்டது. ஐம்பத்திரண்டு வயதில் மருந்துக்கடை வைத்திருக்கும் பெண்மணியைத் தெருவே தராசக்கா என்று கூப்பிடுகிறதென்றால், அதற்குத் தம்பிதான் பொறுப்பு. ஒருநாள் கடைவாசலில் நின்று நாலு பேருக்குக் கேட்கும்படி அப்படிக் கூப்பிட்டுத் தொலைத்தான்.

பெயர் பொருந்தாமல் போய்விட்டதென்று சொல்ல முடியாது. பத்து மாத்திரை கேட்டால் மூன்று தடவை எண்ணுவாள். கவரின்மேல் காலை, மதியம், இரவு என்று எழுதி, எழுதியதை வாய்விட்டுப் படித்து, வந்தவரையும் ஒருமுறை சொல்லவைத்துவிட்டுத்தான் கையில் கொடுப்பாள். அவசரக்காரர்கள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள் மட்டும் எவ்வளவு நேரமானாலும் இவளிடமே நிற்பார்கள். கடையின் பின்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்னத் தராசு இருக்கிறது. களிம்பு கலக்கிக் கொடுத்த காலத்துச் சாமான். இப்போது அதற்கு வேலையே இல்லை. ஆனாலும் தினம் காலையில் அதைத் துடைக்காமல் அவளுக்குக் கடை திறந்ததுபோல் இருக்காது.

பால்வில்லை ஒன்றும் உலகத்தில் இல்லாத பண்டம் இல்லை. பாலைச் சுண்டக் காய்ச்ச வேண்டும். சர்க்கரையைப் பாகு வைத்து அதில் சேர்க்க வேண்டும். வேர்க்கடலையை வறுத்து ஒன்றிரண்டாக உடைத்துப் போட்டுக் கிளறி, வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, ஆறினதும் துண்டு போட வேண்டும். இவ்வளவுதான். ஆனால் அம்மா இந்த வேலையை மூன்றாகக் கூறு போட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்திருந்தாள். அண்ணனுக்குப் பால். தராசக்காவுக்குப் பாகு. தம்பிக்குக் கடலை. ஆளுக்கொரு அடுப்பு, ஆளுக்கொரு மூலை. அடுத்தவர் பாத்திரத்தை எட்டிப் பார்க்கக் கூடாது. ஆறுவதற்கு முன்னால் யாரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது. இந்த இரண்டு சட்டத்தையும் மீறினால் கரண்டிக்காம்பு பேசும்.

பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணமாகி, மூன்று வீடாகப் போன பிறகும் அம்மா பிடித்த பிடியை விடவில்லை. பிறந்தநாளோ, யாராவது பரீட்சையில் தேறியதோ, புது வீடோ, எது வந்தாலும் மூன்று பேரும் வந்து நின்றாக வேண்டும். ஒருத்தர் வேலை இருக்கிறதென்று சாக்குச் சொன்னால், "அப்ப வில்லையே வேண்டாம்" என்று வாங்கிய பாலைத் தயிருக்கு ஊற்றிவிடுவாள்.

இதில் தராசக்காவிடம் ஒரு ரகசியம் இருந்தது. ஒன்பது வயதில் அம்மா அவளைக் கொல்லைப்பக்கம் தனியாக அழைத்துப் போய், பாகை இறக்குவதற்கு முன்னால் மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்புப் போடச் சொன்னாள். "அண்ணன்கிட்டயும் சொல்லாதே, தம்பிகிட்டயும் சொல்லாதே. உன்மேல இருக்கிற நம்பிக்கையிலதான் சொல்றேன்" என்றாள். நடுப்பிள்ளையாகப் பிறந்தவர்களுக்குத்தான் அந்த வார்த்தையின் அருமை தெரியும். புதுச் சைக்கிள் அண்ணனுக்கு வந்தது. மடி தம்பிக்குப் போனது. இவளுக்கு என்று இருந்தது அந்த ஒரு சிட்டிகை உப்பு. நாற்பத்து மூன்று வருஷம் அவள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. கட்டின புருஷனுக்கும் தெரியாது, பெற்ற மகளுக்கும் தெரியாது.

அந்தக் குடும்பத்தில் நாலு வருஷமாகப் பால்வில்லை செய்யவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இந்தக் கதை நகராது.

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. கடைசியில் சிறுநீரகமும் கைவிட்டது. ஆஸ்பத்திரியில் இன்னும் சில நாள்தான் என்று டாக்டர் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். அதற்கு மறுநாள் மத்தியானம் தராசக்கா வார்டுக்குள் நுழைந்தபோது, அண்ணன் கட்டிலோரம் குனிந்து அம்மா வாயருகே கையை வைத்திருந்தார். மடியில் டிபன் பாக்ஸ். உள்ளே பால்வில்லை. மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், தராசக்கா அண்ணனைப் பார்த்து, "உன் கையால இனிப்பைக் குடுத்து அனுப்பி வெச்சுட்டே" என்றாள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. காரியமெல்லாம் முடியும்வரை கூட நின்றார். அப்புறம் இவள் வீட்டுப் படி ஏறவில்லை.

அதில் ஒரு விஷயம் இருந்தது. ஒரு துண்டு இனிப்பினால் அம்மா சாகவில்லை. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும், மருந்தோடு புழங்கும் தராசக்காவுக்கு அது தெரியும். இப்போது யோசித்துக் கண்டுபிடித்ததில்லை. அந்த வராந்தாவில் நின்றபோதே தெரியும். தெரிந்துதான் சொன்னாள். பத்து மாத்திரையை மூன்று தடவை எண்ணுகிறவள் அந்த ஒரு வாக்கியத்தை எண்ணாமல் கொட்டிவிட்டாள். பிறகு வெட்கம் பிடித்துக்கொண்டது. வெட்கத்தை எப்படிக் கையாள்வதென்று தெரியாமல் அதைக் கோபம் என்று சொல்லிக்கொண்டு நாலு வருஷத்தை ஓட்டினாள்.

இப்போது மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மகளோடு வேலை பார்க்கும் பையன், நல்ல பையன், வீட்டுக்கு வந்தால் கால்மேல் கால் போட யோசிப்பான். மகள் அம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "துணிமணி உன் இஷ்டம், மண்டபம் அப்பா இஷ்டம். எனக்கு நம்ம வில்லை வேணும். வர்றவங்க எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு வில்லை டப்பாவுல போட்டுக் குடுக்கணும்."

"செஞ்சுடலாம்" என்றாள் தராசக்கா.

"பெரிய மாமாவைக் கூப்பிட்டியா?"

"பத்திரிகை குடுத்தாச்சு. சின்ன மாமா போய்க் குடுத்துட்டு வந்துட்டான்."

"அவர் என்ன சொன்னார்?"

"பாக்கலாம்னாராம்."

மகள் பேச்சை மாற்றிவிட்டாள். அந்த வீட்டில் பெரிய மாமா என்ற பேச்சு வந்தால் அம்மா எழுந்து போய் எதையாவது துடைக்க ஆரம்பித்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது தராசக்கா தன்னந்தனியாக வேலையில் இறங்கினாள். மூன்று பேர் வேலையை ஒருத்தி செய்தால் என்ன, கை நாலுதானே குறைகிறது என்ற தைரியம். ஒரு தட்டுக்கு இரண்டு லிட்டர் பால், முக்கால் கிலோ சர்க்கரை, கால் கிலோ கடலை. கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தாலும் சரி என்று கடையிலிருந்த அந்தச் சின்னத் தராசையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். பாகு சரியாக வந்தது. ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு விரலால் உருட்டினால் மெத்தென்று உருண்டது. யாரும் பார்க்காத வீட்டிலும் பழக்கதோஷத்தில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உப்பைப் போட்டாள். தட்டில் கொட்டி, ஆறவிட்டு, கோடு போட்டு வெட்டினாள். பார்ப்பதற்கு அச்சு அசலாக அதேதான்.

வாயில் போட்டால் இனிப்பு இருந்தது. இனிப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் கணவர். அவர் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதும் வேலைக்காரர். நாளெல்லாம் பிறத்தியார் வாசலில் நின்று பழகியதில், எதைக் கொடுத்தாலும் குறை சொல்லாத குணம் வந்துவிட்டது.

மகள் மெதுவாக மென்றாள். "நல்லா இருக்கும்மா. ஆனா இது அது இல்ல."

பாலில் தண்ணீர் என்று முடிவு செய்து பால்காரரை மாற்றினாள். வரவில்லை. சர்க்கரை சரியில்லை என்று வேறு சர்க்கரை வாங்கினாள். வரவில்லை. பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்து அம்மாவின் பழைய அடிகனமான பாத்திரத்தைப் பரணிலிருந்து இறக்கிச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். அப்போதும் வரவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் எடை, நேரம், அடுப்பு எவ்வளவு எரிந்தது எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். கணவர் நாலு தட்டையும் நல்லாத்தான் இருக்கு, நல்லாத்தான் இருக்கு என்று சாப்பிட்டே தீர்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குத் தைத்த சட்டை பத்தாமல் போகும் என்று மகள் பயமுறுத்தினாள்.

ஐந்தாவது தட்டின்போது தம்பி வந்தான். பஸ் கண்டக்டர். வாரத்தில் ஒருநாள் லீவு. அந்த ஒருநாளும் நின்றுகொண்டேதான் பேசுவான், உட்காரச் சொன்னால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கப்போகிறவன் மாதிரி நெளிவான். சமையலறையில் சும்மா நிற்க முடியாமல் கடலையைத் தானே எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் இருந்த சின்ன அடுப்பில் வெண்ணெயைப் போட்டு வறுக்க ஆரம்பித்தான். தராசக்கா தடுக்கவில்லை. அவளுக்குப் பாலைப் பார்ப்பதா, பாகைப் பார்ப்பதா என்று இருந்தது.

அந்தத் தட்டு வேறு மாதிரி இருந்தது. முழுசாக அது என்று சொல்ல முடியாது. ஆனால் வாசல்வரை வந்துவிட்டது. மகள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை மென்று முடித்து, "அம்மா, கிட்ட வந்துட்டே" என்றாள்.

வேறு யாராவதாக இருந்தால் சந்தோஷப்பட்டு அதோடு விட்டிருப்பார்கள். தராசக்கா நோட்டைப் புரட்டினாள். பால் அதே, சர்க்கரை அதே, பாத்திரம் அதே. கடலையும் அதே மூட்டையிலிருந்து எடுத்ததுதான். மாறியது ஆள் ஒன்றுதான். நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள்.

"நீ என்ன போட்டே?"

"நானா? கடலை போட்டேன்."

"கடலைல என்ன போட்டே?"

"வெண்ணெய்."

"அப்புறம்?"

தம்பி திருதிருவென்று முழித்தான். டிக்கெட் எடுக்காத பயணிகளை எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறான். பிடிபட்டவன் முகம் எப்படி இருக்கும் என்று அவனே காட்டிக்கொண்டிருந்தான்.

"அதை நான் சொல்லக் கூடாதுக்கா."

"ஏன் சொல்லக் கூடாது?"

"அம்மாகிட்டக் குடுத்த வாக்கு. எனக்கு மட்டும்தான் சொன்னாங்க. உன்மேல இருக்கிற நம்பிக்கையிலதான் சொல்றேன்னு..."

தராசக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "உப்பா?" என்றாள்.

தம்பி வாயைப் பிளந்தான். "உனக்கு யார் சொன்னா?"

"கொல்லைப்பக்கம் தனியாக் கூட்டிட்டுப் போய்ச் சொன்னாங்களா?"

"மாடிப்படிக்குக் கீழே."

மகள் முதலில் சிரித்தாள். பிறகு தம்பி சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தால் கண்ணில் தண்ணீர் கொட்டும், சட்டைக்கையால் துடைத்துத் துடைத்துச் சிரித்தான். தராசக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்து மூன்று வருஷமாகத் தனக்கு மட்டும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தது, மாடிப்படிக்குக் கீழேயும் கொடுக்கப்பட்டிருக்கிறது. அம்மாவின்மேல் ஒரு நிமிஷம் நிஜமாகவே கோபம் வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் ஒன்பது வயதுக் கோபம். அது வந்த சுவடு தெரியாமல் போனபிறகுதான் அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"அப்ப பெரிய மாமாவுக்கும் சொல்லியிருப்பாங்க" என்றாள் மகள்.

சொல்லியிருப்பாள். பாலில் ஒரு சிட்டிகை, பாகில் ஒரு சிட்டிகை, கடலையில் ஒரு சிட்டிகை. ஒவ்வொருத்தரையும் தனித்தனியாக நம்பி, மூன்று பேரையும் சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறாள். ஒருத்தர் வராவிட்டால் பாலைத் தயிருக்கு ஊற்றியதன் காரணம் இப்போதல்லவா புரிகிறது.

அடுத்த தட்டுக்குத் தராசக்கா பாலிலும் தானே ஒரு சிட்டிகை போட்டாள். நன்றாக வந்தது. ஆனால் முழுசாக வரவில்லை.

"பெரிய மாமா விரல் உன் விரல் மாதிரியா இருக்கும்?" என்றாள் மகள். "அவர் கை எவ்ளோ பெருசு. அவர் ஒரு சிட்டிகை எடுத்தா உன்னோட ரெண்டு சிட்டிகை."

உண்மையைச் சொன்னால், இன்னும் கொஞ்சம் உப்பைக் கூட்டிப் பார்த்தால் தீர்ந்துபோகிற விஷயம். அரை கிராம் கூட்டு, போதாவிட்டால் இன்னும் அரை கிராம் என்று இரண்டு தட்டில் பிடித்துவிடலாம். மருந்து கலக்கிய கைக்கு இது ஒரு வேலையே இல்லை. அது தராசக்காவுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் மறுநாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, ஒரு சின்ன மருந்துப் புட்டியில் உப்பும், மாத்திரை மடிக்கும் வெள்ளைக் காகிதம் ஒன்றும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நாலு வருஷமாக அவளுக்குப் போவதற்கு ஒரு காரணம் கிடைக்காமல் இருந்தது. இப்போது கிடைத்துவிட்டது. அதை உப்பைக் கூட்டிக் கெடுத்துக்கொள்ள அவள் தயாராக இல்லை.

அண்ணன் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். கடை நீளமான சந்துபோல உள்ளே போகும். இரண்டு பக்கமும் மெஷின்கள், சில நின்றுகொண்டு, சில தலையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு. பெஞ்சின்மேல் மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பி, ஊசிகள் குத்திய பஞ்சு உருண்டை, ஒரு டப்பா நிறைய பாபின். அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு மெஷினின் வயிற்றுக்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து ஸ்டூலில் அந்த மெஷினுக்குச் சொந்தக்காரரான தையல்காரர் காத்திருந்தார்.

நிழல் விழுந்ததும் அண்ணன் நிமிர்ந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. யாரும் அதை அவளிடம் சொல்லவில்லை.

"உக்காரு" என்று இன்னொரு ஸ்டூலைக் காட்டினார். "என்ன, மெஷின் எதுவும் மக்கர் பண்ணுதா?"

வாடிக்கையாளரிடம் கேட்கிற அதே குரல். திட்டியிருந்தால் தேவலை என்று தராசக்காவுக்கு இருந்தது. அவள் உட்கார்ந்து, காகிதத்தைப் பெஞ்சின்மேல் விரித்து, உப்புப் புட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்தாள்.

"ஒரு சிட்டிகை எடுத்து இதுல போடு. எடை பாக்கணும்."

அண்ணன் காகிதத்தைப் பார்த்தார், உப்பைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். தையல்காரரும் மூன்றையும் பார்த்தார்.

"பாலுக்கா?" என்றார் அண்ணன்.

"பாலுக்குத்தான்."

"மூணு பேர்கிட்டயும் அம்மா சொல்லியிருக்காங்கன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சது?"

"நேத்து. உனக்கு?"

அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்து, துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு ஆஸ்பத்திரியில. அம்மா வில்லை சாப்பிடணும் போல இருக்குன்னு கேட்டாங்க. உங்க ரெண்டு பேரையும் கூப்பிட முடியாது, நீ விடமாட்டே. நானே தனியா வீட்டுல செஞ்சேன். பாலும் நானே, பாகும் நானே, கடலையும் நானே. நகத்தளவு கிள்ளி நாக்குல வெச்சேன். வாய்க்குள்ளயே உருட்டினாங்க. அப்புறம் என் கையிலயே துப்பிட்டாங்க."

"துப்பிட்டாங்களா?"

"உப்பு பத்தலடா, அவங்க ரெண்டு பேரும் கை வெக்கலியான்னு கேட்டாங்க. அப்பதான் புரிஞ்சது. அம்மா சிரிச்சாங்க. அந்த நேரம் பாத்து நீ உள்ள வந்தே."

தராசக்கா கண்முன்னால் அந்தக் கட்டில், அந்தக் கை. வாய்க்குள் ஊட்டுகிற கை என்று அவள் பார்த்தது, துப்பியதை ஏந்திக்கொண்ட கை.

"அதை நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணா."

"சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனா நீ மருந்து தெரிஞ்சவ. நீ அப்படிச் சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. துப்பினது முழுசாத் துப்பினாங்களா, கொஞ்சம் உள்ள போயிடுச்சான்னு. இன்னைக்கு வரைக்கும் அதான் ஓடிட்டிருக்கு. அந்தக் கையை எத்தனை தடவை நெனைச்சு நெனைச்சுப் பாத்திருப்பேன். எவ்வளவு இருந்துச்சு கையிலன்னு சரியா ஞாபகம் வர மாட்டேங்குது."

கோபத்தோடு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். எண்ணெய்க் குப்பி எங்கே வைத்தேன் என்று கேட்பதுபோலச் சொன்னார். நாலு வருஷமாக இந்த மனிதர் இங்கே உட்கார்ந்து, மெஷின்களின் வயிற்றைத் திறந்து மூடிக்கொண்டு, உள்ளங்கையில் இருந்த ஒரு நகத்தளவு இனிப்பை எடை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தராசு என்று பெயர் வாங்கியவள், தராசை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"அண்ணா" என்றாள். குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டுவிட்டாள். "நகத்தளவு இல்ல, அந்த டப்பா முழுக்க உள்ள போயிருந்தாலும் அம்மா அதனால போயிருக்க மாட்டாங்க. எல்லாம் முன்னாடியே முடிஞ்சுபோச்சு. எனக்கு அது இப்பத் தெரியலை. அன்னைக்கே தெரியும். அந்த வராந்தாவுல நிக்கும்போதே தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

அண்ணன் துடைப்பதை நிறுத்தினார்.

"டப்பாவைப் பாத்ததுமே புரிஞ்சுபோச்சு, அம்மா உன்கிட்டக் கேட்டாங்க, என்கிட்டக் கேக்கலன்னு. அந்த ஆத்திரம். யார் தலையிலயாவது போடணும்னு இருந்துச்சு. உன் தலையில போட்டேன். அப்புறம் உன் மூஞ்சியில முழிக்க வெக்கமா இருந்துச்சு. தப்பு என்மேலதான் அண்ணா. என்னை மன்னிச்சிடு."

தையல்காரர் சுவரில் தொங்கிய காலண்டரை, அதில் என்னவோ முக்கியமாக எழுதியிருப்பதுபோல ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் அந்த மெஷினின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். ஊசி ஏறி இறங்கியது. இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"தெரிஞ்சுதான் சொன்னியா?" என்றார்.

"ஆமா."

"நாலு வருஷம், தராசு."

"ஆமாண்ணா."

சக்கரம் இன்னும் நாலைந்து முறை சுற்றியது. பிறகு அண்ணன் எழுந்து, கடையின் பின்பக்கம் இருந்த குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டுக் கை கழுவுகிற சத்தம் வந்தது. ரொம்ப நேரம் கழுவினார். கை மட்டும் கழுவுகிறவர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளமாட்டார். தராசக்கா எழுந்து பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது முகமும் நனைந்திருந்தது. காகிதத்தில் உப்பைப் போடுவார் என்று அவள் அதை நேராக்கி வைத்தாள். அண்ணன் அதை எடுத்து நாலாக மடித்து அவள் பைக்குள் போட்டார். உப்புப் புட்டியையும் மூடிப் போட்டார்.

"உங்க மெஷின் நாளைக்குக் காலையில ரெடியாயிடும்" என்றார் தையல்காரரிடம். பிறகு இவள் பக்கம் திரும்பி, "பால் வாங்கி வெச்சிருக்கியா?" என்றார்.

பால் வாங்கி வைத்திருக்கவில்லை. போகிற வழியில் வாங்கினார்கள். பால்கடையில் எட்டு லிட்டரா, பத்து லிட்டரா என்று அண்ணனும் தங்கையும் வாக்குவாதமே செய்தார்கள். தராசக்காவுக்கு அந்த வாக்குவாதம் தேனாக இருந்தது.

தம்பிக்குச் சேதி போய், அவன் கண்டக்டர் உடுப்போடே வந்து சேர்ந்தான். பெரிய மாமாவைப் பார்த்ததும் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "கையை விடும்மா, இந்தக் கைக்குத்தான் இங்க வேலை" என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. தராசைக் கண்ணாடிப் பெட்டியோடு எடுத்து அலமாரிமேல் வைத்தாயிற்று. பெரிய அடுப்பில் அண்ணன் பாலோடு, பக்கத்தில் தராசக்கா பாகோடு, அந்த மூலையில் தம்பி கடலையோடு.

ரகசியம் என்று இனி ஒன்றும் இல்லை. உப்பு ஜாடி எல்லோர் கண்ணுக்கும் தெரிய நடுவில்தான் இருந்தது. ஆனாலும் உப்புப் போடும் நேரம் வந்தபோது தம்பி மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டான். அண்ணன் ஜன்னலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டு போட்டார். தராசக்கா வழக்கம்போல் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போட்டாள். மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உங்களுக்கெல்லாம் என்ன வயசாகுது?" என்றாள். பாகு பதத்துக்கு வந்துகொண்டிருந்தது.

தட்டு ஆறும்வரை ஒருவரும் வாயில் வைக்கவில்லை. தராசக்கா ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு வெட்டினாள். மகள் முதல் துண்டை எடுத்தாள். மென்றாள். தலையை மட்டும் ஆட்டினாள். கணவர் ஒன்றை வாயில் போட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். ஆறு பாழான தட்டுக்கும் அவர் சொன்ன அதே வார்த்தை. வீடே சிரித்தது.

அண்ணன் மட்டும் தன் துண்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த உள்ளங்கையில் அது சின்னதாகத் தெரிந்தது. பிறகு வாயில் போட்டார். போட்டவர் மெல்லாமல், விழுங்காமல், அப்படியே வைத்திருந்தார். தராசக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"உப்பு பத்தலியா அண்ணா?" என்றாள்.

அண்ணன் மென்று விழுங்கினார். வெறும் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சரியா இருக்கு" என்றார். "மூணு பேரும் கை வெச்சிருக்கோம்ல."